வரைந்தவர் கட்டம்

எங்கள் அலுவலக வரைபடங்களின் கீழ்மூலையில் 'வரைந்தவர்' என்றொரு கட்டம் உண்டு. அதில் யாரும் பெயரைத் தட்டச்சு செய்வதில்லை. கோப்பைக் கடைசியாகச் சேமித்தவரின் பெயரைக் கணினியே எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

எங்களோடு வரைந்துகொண்டிருந்த அவன் வேலை மாறிப் போன பிறகு, அவனுடைய வரைபடங்களை ஆளுக்கொன்றாகத் திருத்தினார்கள். அவன் பெயர் மிஞ்சியது ஒரு படிக்கட்டு வரைபடத்தில் மட்டும்தான். பக்கத்துக் கட்டத்தில், சரிபார்த்தவராக, நான் அடித்த என் பெயர். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் வேறெங்கும் இருந்ததில்லை.

இன்று அதில் கைப்பிடியின் உயரத்தை மாற்றச் சொன்னார்கள். மாற்றிவிட்டேன். சேமிக்கத்தான் கை வரவில்லை.

"என்னம்மா, படத்தையே பாத்துட்டிருக்கே? இடைவேளை எப்போ விடுவாங்க?" என்றார் மேலாளர்.

"இதோ முடிஞ்சிடுச்சு சார்."

வரைந்தவர் கட்டத்தைத் தானாக மாறாத சாதாரண எழுத்தாக மாற்றிவிட்டால் அவன் பெயர் அப்படியே நின்றுவிடும். மாற்றினேன். ஆனால் உயரத்தில் நான் தவறு செய்திருந்தால் பழி அவன்மேல் விழுமே. மறுபடி பழையபடியே ஆக்கிவிட்டுச் சேமித்தேன். அவன் பெயர் போய் என் பெயர் வந்தது.

"சரிபார்த்தவர்னு யார் பேரு போடட்டும் சார்?"

"நீயே வரைஞ்சு நீயே பாத்துக்குவியா? என் பேரைப் போடும்மா."

போட்டேன். அவன் கட்டத்தில் நான், என் கட்டத்தில் மேலாளர்.