தொடாத மாத்திரை

“பொய் சொல்றேன்னு டாக்டரம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க மே! ‘மாத்திரை உள்ள போய்க்கிட்டுதான் இருக்குது, டெஸ்ட்ல தெரியுது’ங்கறாங்க. ரத்தத்த நம்புவாங்களாம், என்னைய நம்ப மாட்டாங்களாம்!”

ரத்தினவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த மாதேஸ்வரி திரும்பவில்லை.

“வேற என்ன சொன்னாங்க?”

“இடுப்பு எலும்ப அரிக்குதாம். இன்னும் திருட்டுத்தனமா முழுங்குனா மூட்டே போயிருமாம். நான் திருடனாம்!”

பாகலூர் சாலைப் பட்டறையில் இரும்பைத் தேய்த்துத் தேய்த்து முற்றிய ஆஸ்துமா அது. பல வருஷமாக அந்தச் சின்ன வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரைதான் அவனுக்கு மூச்சு. முகம் பானையாக ஊதியது, சர்க்கரை ஏறியது. ஓசூர் டாக்டரம்மா வாயில் வைத்து இழுக்கும் பம்ப்பைக் கொடுத்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

நிறுத்திய வாரம், ஒரு விடியற்காலையில் அவன் உதடு நீலமானதை மாதேஸ்வரி பார்த்தாள். வீட்டிலிருந்த காற்றையெல்லாம் யாரோ அள்ளிக்கொண்டு போனதுபோல ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றான். அன்றைக்கே மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டினாள். கடைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. களியில் மாத்திரைப் பொடி தெரியாது. கசப்பைக் கீரைக் குழம்பு பார்த்துக்கொள்ளும்.

ஒரு வாரத்துக்கு என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் விசிலடித்துக்கொண்டு வண்டி துடைத்தான். “மாத்திரைய உட்டுட்டேன், இப்ப வெறும் பம்ப்புதான்” என்று பக்கத்து வீட்டுத் திம்மராயனிடம் மார்தட்டினான். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் நிறுத்த அவளுக்குத் துணிவில்லை.

“புதுசா ஊசி ஒண்ணு இருக்குதாம்” என்றான் அவன். “அதுக்கு என் பேரத்தான் எழுதி வெச்சிருந்தாங்க. இப்ப அடிச்சிட்டாங்க. பேச்சு கேக்காதவனுக்கு எதுக்குன்னு.”

உருண்டையைத் தட்டில் வைத்தவள், அவன் கை நீட்டியதும் சட்டென்று தட்டை இழுத்தாள்.

“ஆறிப்போச்சுங்க. வேற கிண்டறேன்.”

“ஆவி பறக்குது, ஆறிப்போச்சாம்!” சிரித்துக்கொண்டே தட்டைப் பிடுங்கி, ஒரு துண்டைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கினான். களியை அப்படித்தான் விழுங்க வேண்டும்.

“நாளைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு என்கூட வா, மாதேசு. நான் சொன்னாத்தான் நம்பல. நீ சொல்லு. உன் கையாலதான திங்கறேன், உனக்குத் தெரியாதா? ஒரு மாத்திரையக்கூடத் தொடலன்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லு மே.”