அறுநூற்றைம்பது போதும்

மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்தும் அந்த அம்மாளுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் மெகரம்மா. மெகர் என்பது மோட்டாரின் கம்பிச்சுற்றில் மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் கருவி. கருவியைக் கையில் எடுக்காமலே அவர் மனிதர்களிடமும் அதே சோதனையைச் செய்வார். "மோட்டார் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சும்மா" என்று யாராவது கொண்டுவந்தால், "விழுந்துச்சா, போட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்.

அப்படிப்பட்டவரிடம்தான் கம்ப்யூட்டர் கடைக்காரன் ஒருவன் பெண் கேட்டிருந்தான். மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆனால், "நீ சரின்னு சொன்னாதாம்மா" என்று பொறுப்பைத் தூக்கி அம்மா தலையில் வைத்துவிட்டாள். மெகரம்மா ஒரு மாதம் தவணை கேட்டார். ஆளைப் பார்த்தால் பழுது எதுவும் தெரியவில்லை. வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து, உள்ளே கருகிப் போன எத்தனையோ மோட்டார்களைப் பார்த்தவர் அவர்.

அந்த மாதத்தில் மகளின் கணினிக்குப் பவர் சப்ளை, அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி, வாங்க வேண்டியிருந்தது. பகலில் கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்யும் மகள், வேலை முடிந்ததும் ஐந்து பேர் கொண்ட ஒரு கேமிங் அணியில் ஆடுவாள். அடுத்த சுற்றுக்குப் போகும் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி, அதை ஓவர்கிளாக் வேறு செய்திருந்தாள். அதாவது, தயாரித்தவர்கள் வகுத்த வேகத்துக்கு மேலே விரட்டுவது. விரட்டினால் தீனியும் கூடத்தான் கேட்கும். பழைய பவர் சப்ளைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி ஆகிவிட்டது.

"ஆயிரம் வாட்ஸ் போட்டுடலாங்கம்மா" என்றான் கடைக்காரன்.

மெகரம்மா நிமிர்ந்து பார்த்தார். விற்கிறவன் வாயில் எந்த அளவும் பெரிதாகத்தான் வரும்.

"ஆயிரமா? வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் கேட்டா, நீ பம்ப் செட்டுக்குக் கணக்குப் போடுறியே."

பட்டறையில் சுருள் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய தம்பி, "அக்கா, அதுல தண்ணியும் வரும்போல" என்றார்.

மெகரம்மா யார் சொல்வதையும் நம்புவதில்லை. மீட்டர் சொல்வதை நம்புவார். கடைக்காரனிடமிருந்த ஆயிரம் வாட் பெட்டியைச் சோதனைக்காக மாட்டச் சொல்லி, மகளை முழு வேகத்தில் ஆட வைத்தார். சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே, கம்பிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த சோதனை வயரைப் போட்டு, அதில் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டு அரைமணி நேரம் நின்றார். கணக்குப் போட்டால் ஐந்நூற்று இருபது வாட்டைத் தாண்டவில்லை.

"சுவர்லயே ஐநூத்தி இருபதுதான். உள்ள போறது அதைவிடக் கம்மி. அறுநூத்தம்பது போதும்."

"மீட்டருக்குத் தெரியாம சில நேரம் சட்டுனு ஏறும்மா. அதுக்குத்தான்..."

"மீட்டருக்குத் தெரியாதது உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மகள் அவனைப் பார்த்தாள். "சரிங்கம்மா" என்று முடித்துக்கொண்டான்.

அந்தச் 'சரி' அவருக்குப் பிடிக்கவில்லை. தன் பொருள்மேல் நம்பிக்கை உள்ளவன் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பான். பேசவில்லை என்றால், ஆயிரம் என்பது சும்மா ஏற்றிச் சொன்னதுதானோ? அவன் கடைக்கே போய், அறுநூற்றைம்பது வாட் பெட்டிகளில் நான்கை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்த ஒன்றை எடுத்தார். செம்பும் இரும்பும் உள்ளே இருந்தால் கனக்கும் என்பது அவர் தொழில் சொல்லிக்கொடுத்தது. அதையே மாட்டினான். இரண்டு வாரப் பயிற்சியில் கணினி ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை. தம்பியிடம், "பாத்தியா" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

போட்டி சனிக்கிழமை மதியம். பட்டறைக்கு மேலே மகளின் அறை. கடைசி ஆட்டத்தில் மகளின் அணி முன்னிலையில் இருந்தது. கீழே மெகரம்மா ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தபோது மேலே சத்தம் நின்றது. ஏறிப் போய்ப் பார்த்தால் திரை இருட்டாக இருந்தது. மின்விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது. கணினி மட்டும் செத்துக் கிடந்தது. மறுபடி அது எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

மகள் அழவில்லை. காதிலிருந்த ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

மெகரம்மாவின் மனம் நேரே ஓரிடத்துக்குப் போனது. இரண்டு வாரம் ஓடியது, சரியாக இன்றைக்கு நிற்குமா? தான் சொன்னதுதான் சரி என்று காட்ட அவன் ஏதோ வேலை செய்திருக்கிறான். ஒரு பெண்ணின் போட்டியைக் கெடுத்துத் தன் வாக்கை ஜெயிக்க வைப்பவனுக்கா மகளைக் கொடுப்பது?

பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுபோனார். பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்து, கணினி இல்லாமலே பெட்டிக்கு உயிர் கொடுத்து, பழைய கார் ஹெட்லைட் பல்புகள் பத்தை மாட்டினார். ஐந்நூற்றைம்பது வாட். பட்டறையே கண் கூசியது. ஒரு மணி நேரம் எரியவிட்டார். பெட்டி அசையவில்லை, தொட்டால் லேசான சூடு, அவ்வளவுதான்.

"பெட்டி மேல குத்தம் இல்லடா" என்றார் தம்பியிடம். "ஆள் மேலதான்."

"அக்கா, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடு. வழக்கு நடத்தாமலே தூக்குத் தண்டனையா?"

மறுநாள் காலை கடைக்காரன் ஆயிரம் வாட் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தான். மெகரம்மா உட்காரச் சொல்லவில்லை.

"ஏன் நின்னுச்சு?"

"என் தப்புதாங்கம்மா. நான் அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருக்கணும்."

கேட்ட மாத்திரத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனை மெகரம்மா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. சந்தேகம் இரட்டிப்பானது.

"சொல்றதெல்லாம் அப்புறம். மீட்டருக்குத் தெரியாததுன்னு சொன்னியே, அதைக் காட்டு."

பட்டறையில், மின்னோட்டத்தைக் கணத்துக்குக் கணம் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் ஒன்று இருந்தது. அதை மேலே தூக்கிப் போனார்கள். கொண்டுவந்த பெட்டியை மாட்டி, கார்டுக்குப் போகும் கம்பிகளில் கிளாம்பைக் கவ்வவிட்டு, மகளை ஆடச் சொன்னார் மெகரம்மா. கோடு ஏறக்குறைய சமமாக ஓடியது. பிறகு திரையில் ஏதோ வெடித்தது. கோட்டிலிருந்து ஊசி மாதிரி ஒரு முள் எழும்பி, இரண்டு மடங்கு உயரம் போய், கண்ணிமைப்பதற்குள் விழுந்தது. இன்னொன்று. இன்னும் இரண்டு.

மெகரம்மா நெடுநேரம் பார்த்தார். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குத் தகுந்த ஃபியூஸைத் தானே பொறுக்கிப் போடுகிறவர். தண்டு சுழலாத ஒரு கார்டுப் பலகைக்கு அப்படியொரு பசி இருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை. மீட்டர் சராசரியைத்தான் காட்டியிருக்கிறது. பல்புகளும் சாதுவாக எரிந்து ஏமாற்றிவிட்டன. பெட்டியின் பாதுகாப்புச் சுற்று இந்த முள்ளைப் பார்த்துவிட்டு, ஆபத்தென்று கடையைச் சாத்தியிருக்கிறது.

"பத்தாததை எடுத்தது நான்தான்" என்றார். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கடைக்காரன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அவன் நெற்றியில் வியர்வை. அதைப் பார்த்ததும் அவருடைய உள் மெகர் மறுபடி விழித்துக்கொண்டது.

"இரு. இந்த முள்ளு எப்பவும் இருந்திருந்தா, ரெண்டு வாரம் எப்படி ஓடுச்சு?"

கடைக்காரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நான்... கார்டோட வேகத்தைக் குறைச்சு வெச்சிருந்தேங்கம்மா. அந்தப் பெட்டிக்குத் தாங்குற அளவுக்கு."

"எனக்குச் சொல்லாம?"

"சொன்னா, நீங்க எடுத்தது பத்தலைன்னு ஆயிடுமேன்னு..."

"சரி, குறைச்ச. அப்புறம் சனிக்கிழமை எப்படி நின்னுச்சு? யார் ஏத்தினது?"

"நான்தான். மறுபடி ஏத்தி வெச்சேன்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். இங்க வந்து."

ஜன்னல் பக்கம் நின்றிருந்த தம்பி ஆர்வமாகத் திரும்பினார். "வெள்ளிக்கிழமையா? நீங்க சரக்கெடுக்க வெளியூர்ல இல்ல இருந்தீங்க? டிராஃபிக்ல நிக்கிறேன்னு எனக்குப் போட்டோ அனுப்பினீங்களே."

கடைக்காரன் காது நுனி சிவந்தது. மெகரம்மா அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

மகள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "நான்தாம்மா. போட்டி அன்னிக்குக் காலையில. ஏத்தாதேன்னு இவர் நூறு தடவை சொன்னார். எதிர் டீம் வேகமா இருந்தாங்க, ஒரு மணி நேரம்தானே, தாங்கிடும்னு ஏத்திட்டேன்."

"டீமுக்குச் சொன்னியா?"

"கரண்ட் போச்சுன்னு சொன்னேன்."

"இவர்கிட்ட?"

"இவருக்குத் தெரியும். அம்மாகிட்ட நான் பாத்துக்கறேன்னார்."

"பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே" என்றார் மெகரம்மா. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நேற்று மதியத்திலிருந்து இவனுக்குள் ஏதோ கசிகிறது என்று அவர் நினைத்தது பொய்யில்லை. கசிந்தது அவனுடைய குற்றமில்லை, அவ்வளவுதான். மகளுடையதை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டு, அதைச் சரியாகத் தூக்கவும் தெரியாமல் நிற்கிறான்.

"இங்க பாருப்பா. நான் தப்பா எடுத்தா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அவ தப்புப் பண்ணினா அவளே சொல்லட்டும். நடுவுல நின்னு நீ ரெண்டு பேருக்கும் ஃபியூஸ் போடாதே. எரிஞ்சு போறது நீதான்."

"இனிமே சொல்லிடறேங்கம்மா." பிறகு சற்றுத் தயங்கி, "அந்தப் பழைய சுவிட்ச் போர்டும் மாத்தணும். சூடாகுது" என்றான்.

மெகரம்மா எழுந்து போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது.

"டேய்" என்றார் தம்பியிடம். "இவங்க அப்பா அம்மாவுக்குப் போன் போடு. நேர்ல வந்து பேசச் சொல்லு."

மகள் பாதி எழுந்தாள். "அம்மா, அப்போ சரிங்கிறியா?"

"நீ முதல்ல உன் டீமுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லு" என்றார் மெகரம்மா. "இந்த வீட்டுல பொய் சொல்றதுக்கு நீ ஒருத்தியே தாராளம். பொய் சொல்ல வராத ஆள்தான் ஒருத்தர் குறைச்சல்."