ரோமானிய ஏப்ரலும் அப்பாவின் பதினாறும்

பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு மாடியில் இருந்த அந்தக் கம்பெனி குழந்தைகளுக்குப் பாட சிடி தயாரித்தது. 1999-இல் மலருக்குக் கிடைத்த வேலை பண்டைய ரோமானியரின் ஏப்ரல் மாத நாட்காட்டி. அந்த மகராசர்கள் தேதியை நேராகச் சொல்லித் தொலைக்கமாட்டார்கள். மே பிறப்புக்கு முன் பதினோராம் நாள் ரோம் நகரத்தின் பிறந்தநாள் என்று பின்னாலிருந்து எண்ணுவார்கள். மலர் மே ஒன்றிலிருந்து பதினொன்றைக் கழித்து ஏப்ரல் 20 என்று போட்டாள். வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டார். எல்லாப் புத்தகத்திலும் 21 என்றுதானே இருக்கிறது, மாதக் கடைசித் திருவிழாக்கள் எல்லாமே ஒரு நாள் உதைக்கிறதே என்றார்.

"நாளைக்கு டெமோ. எங்க உதைக்குதுன்னு கண்டுபிடிம்மா. உன் வேலை கன்ஃபர்மேஷனும் அதுலதான் இருக்கு," என்றார் மேனேஜர் சீனிவாசராகவன்.

அன்று பத்தொன்பதாம் தேதி, திங்கள். மலரின் பாதி மனசு கோலார் தங்கவயலில் கிடந்தது. ஐந்தாம் தேதி அப்பா போய்விட்டார். பால் தெளித்த கையோடு வேலைக்குத் திரும்பியவள், பதினாறாம் நாள் காரியத்திலாவது கூட இருக்கவேண்டும் என்று புதன்கிழமை, 21-ஆம் தேதிக்கு லீவு வாங்கியிருந்தாள்.

மதியம் அம்மா, தெருமுனை எல்லம்மா கடைப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"மலரு, ராத்திரிக்கே வந்துடு. விடிஞ்சா காரியம்."

"நாளன்னிக்குத்தானேம்மா? அஞ்சும் பதினாறும் இருபத்தொண்ணு."

"போன நாளையே ஒண்ணுன்னு எண்ணணும்டி. இதுகூடவா தெரியாது?"

அப்படியென்றால் இருபதாம் தேதி, டெமோ நாள். போனை வைத்த பிறகுதான் பொறி தட்டியது. ரோமானியரும் அம்மா மாதிரியே தொடங்குகிற நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். மே ஒன்றை ஒன்று என்று வைத்துப் பின்னால் போனால் பதினோராவது நாள் ஏப்ரல் 21. தேதிகளையெல்லாம் திருத்திவிட்டு மேனேஜரிடம் போனாள்.

"சரியாயிடுச்சு சார். நாளைக்கு நான் வரமுடியாது. அப்பா காரியம்."

"புதன்கிழமைக்குத்தானே லீவு கேட்ட?"

"அதையும் தப்பாத்தான் எண்ணிட்டேன் சார்."

"கிளையன்ட் கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது? நீ இல்லன்னா கன்ஃபர்மேஷனுக்கு நான் பொறுப்பில்ல."

"போனாப் போகட்டும் சார்," என்று பையை எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சைபரிலிருந்தே எண்ணும் கம்ப்யூட்டர்க்காரர்களின் புத்தியில், அப்பா போன நாளைச் சைபர் என்று வைத்திருந்தாள். அந்த நாள் மத்தியானம் வரைக்கும் அப்பா உயிரோடுதான் இருந்தார். காலையில் ஆபீசுக்குப் போன் பண்ணி, சாப்பிட்டியாம்மா என்று கேட்டார். அந்த நாளையும் சேர்த்தால்தான் பதினாறு. பால் தெளித்த அன்றுகூட அழாத மலர், கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்தாள்.