வெளியே ஒரு சுற்று

1

மார்ச் பதினேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு, ஒரு மருத்துவமனையின் பின்வாசல் வழியாக ஆம்புலன்ஸ் ஒன்று வெளியே போனது. உள்ளே படுத்திருந்தவர் கல்லுடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். நுரையீரலில் பாதிக்கு மேல் கல்தூசி. முன்வாசல் வழியாக அவரைத் திரும்பக் கொண்டுவருவதற்காகத்தான் வண்டி போனது.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அந்த வண்டியின் ஓட்டுநர். இஸ்திரி கலையாத சட்டையிலேயே இருப்பதால் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'. டீக்கடையில் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், பாதியில் சிரிப்பை விட்டுவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

(ஒரு விளக்கம். இல்லாதவர்களின் சிகிச்சைக்குப் பணம் தரும் திட்டம், ஒருமுறை சேர்ந்தால் குறிப்பிட்ட நாட்கள் வரைதான் தரும். அதன்பிறகு செலவு மருத்துவமனையின் தலையில். வெளியே அனுப்பிப் புதிதாகச் சேர்த்தால் கணக்கு மறுபடி தொடங்கும். வார்டில் இதற்கு 'ஒரு சுத்து' என்று பெயர்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தையல்காரி தன் கணவரின் கையை—"

வேண்டாம். நோயாளியின் மனைவியான அவளுக்குப் பயம் வெயிலிலிருந்து வரவில்லை. வார்டு நர்ஸ் சொன்ன ஆறுதலிலிருந்து வந்தது.

"பயப்படாதீங்கக்கா. படுக்கைய நான் பாத்துக்கிறேன்."

படுக்கை போய்விடக்கூடும் என்று அதுவரை அவள் நினைத்ததே இல்லை.

3

"எங்க தம்பி போறோம்?"

"எங்கயும் இல்லக்கா. ஊரச் சுத்திக் காட்டப்போறேன். டிக்கெட் கிடையாது."

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து கணவரின் குரல் வந்தது. "பொண்டாட்டியோட... ஊர் சுத்தி... எவ்ளோ நாளாச்சு."

"வாய மூடிட்டு படுங்க. இருக்கிற காத்தையும் பேசியே தீத்துருவீங்க."

மாப்பிள்ளை ஒரு மேம்பாலத்தின் அடியில் வண்டியை ஓரங்கட்டினார். உடனே திரும்பினால் கம்ப்யூட்டர் புதுச் சேர்க்கையாக ஏற்காது, காத்திருக்கத்தான் வேண்டும். மேலே லாரிகள் போகப்போக வண்டி அதிர்ந்தது. தையல்காரி சிலிண்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிவப்புப் பக்கம் சாய்வதாகத் தோன்றியது. கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். சாய்ந்துதான் இருந்தது.

செல்போன் அடித்தது. நர்ஸ். மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்கீங்க? பஸ் ஒண்ணு கவுந்துருச்சு, ஆளா வந்துட்டே இருக்காங்க. படுக்கைல என் பைய வச்சு நானே உக்காந்திருக்கேன். ரொம்ப நேரம் தாங்காது. சீக்கிரம் வாங்க!"

"கிளம்புங்க தம்பி," என்றாள் தையல்காரி. "கம்ப்யூட்டர் கிடக்குது."

4

இந்த நர்ஸ் விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம். முதல் வடிவில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். கதை வழுக்கிக்கொண்டு போனது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதை அடித்துவிட்டேன். பிறகு ஒரு அதிகாரியை உண்டாக்கினேன். அவருக்கு உத்தரவு போட மேலே இன்னொருவர் தேவைப்பட்டார். அவருக்கும் மேலே... அதையும் அடித்தேன்.

மிஞ்சியது, படுக்கையில் பையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பையை எடுக்கச் சொல்ல யாராவது வந்துவிடுவார்களோ என்று கதவைப் பார்க்கிறாள்.

5

ஒரு முடிவில் நர்ஸ் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் மாப்பிள்ளை சொன்னது வேறு.

தையல்காரி வார்டுக்கு ஓடினாள். படுக்கையில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, தலையில் கட்டு. பக்கத்தில் நர்ஸ், பை தோளில்.

"என்னால முடியலக்கா."

"நான் யாரப் போய்க் கேக்கட்டும்?"

தையல்காரி சிறுமியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

[அந்த நேரத்தில் அவள் மனதில்— இல்லை. அதை நான் எழுதமாட்டேன். இனி உங்களிடம் விடுகிறேன். அந்தப் பிள்ளையை இறக்கு என்று உங்களால் ஒரு வாக்கியம் எழுத முடியுமானால், எழுதுங்கள்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கீழே மாப்பிள்ளைக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் இறக்கினார். சிலிண்டரை எடுத்துப் போகவேண்டும் என்பது விதி. எடுக்கவில்லை.

ஒரு மணிக்குக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. அவர் புது நோயாளியாகப் பதிவானார். படுக்கை இல்லை.