பொறுப்பாளர் முன்னிலையில்

"இங்க யாருங்க பொறுப்பு?" என்று ராஜாங்கம் கேட்டதும் ஆண்டி வீட்டுக்குள் ஓடிப்போய்க் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். தண்ணீரைச் சோதிக்கிற வாரியத்திலிருந்து வந்திருந்த அந்த அதிகாரி, யாரையும் பார்த்து அதைக் கேட்கவில்லை. கைவிடப்பட்ட சுரங்கத்தின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்று, சட்டப்படி கேட்டாக வேண்டியதைக் கேட்டார். பதில் வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆண்டி பொத்தானைப் போட்டபடியே, "நான்தாங்க. எல்லாம் என் பொறுப்புலதாங்க இருக்குது" என்றான். சாமியம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவன் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

கம்பெனி மலையைக் குடைந்து, வேண்டியதை அள்ளிக்கொண்டு போய் வருஷங்களாகிவிட்டன. போகிற அவசரத்தில் காவல்காரனிடம் உன் வேலை முடிந்தது என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொல்லாததால் ஆண்டி இன்னும் வேலையில் இருந்தான். சம்பளம் கிடையாது. சாமையும் தினையும் விதைத்துத்தான் இருவரும் வயிறு வளர்த்தார்கள். ஆனாலும் காலையில் கேட்டைத் திறப்பான், பொழுது சாய்ந்தால் பூட்டுவான். கேட்டுக்கு இரண்டு பக்கமும் வேலி எப்போதோ விழுந்து, ஆடுகள் அந்த வழியாகத் தாராளமாகப் போய்வந்தன. ஊரே சிரித்தது. சாமியம்மாளும் சிரித்தவள்தான்.

சுரங்கத்தின் குகை வாயிலிருந்து வழிகிற தண்ணீரைப் பார்த்து மட்டும் யாராலும் சிரிக்க முடியவில்லை. வெளியே வரும்போது கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருக்கும். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு பாறையெல்லாம் செங்காவி படியும். ஓடையில் மீன் செத்துப் பல காலம். அந்தத் தண்ணீர் பாய்ந்த கொல்லையில் சாமை முளைத்த கையோடு கருகியது. கால் நனைத்தவர்களுக்கு விரலிடுக்கு வெந்தது. மேல் ஊற்று வற்றுகிற கோடையில் இந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடித்தார்கள், புளிப்புப் போகவே போகாது. சாமியம்மாள் மலையிறங்கிச் சங்கராபுரத்துக்கு நடந்து நடந்து மனுக் கொடுத்தாள். கடைசியில் ராஜாங்கம் வந்தார். வந்ததே பெரிய காரியம் என்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

அவர் முறைப்படிதான் எல்லாம் செய்தார். முதலில் ஆண்டியிடம் நோட்டீஸைக் கொடுத்தார். அவன் பார்க்கப் பார்க்கத் தண்ணீரைப் பிடித்தார். பாட்டில் கழுத்தில் நூல் சுற்றி அரக்கு வைத்தார். ஒட்டியிருந்த சீட்டில் ஆண்டி கைநாட்டு வைத்தான், நன்றாக அழுத்தி. ராஜாங்கம் பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"இனிமே உத்தரவு வரும்மா. தண்ணிய சுத்தம் பண்ணாம வெளிய வுடக் கூடாதுன்னு. பண்ணாட்டி கோர்ட்டு."

"யாருக்குங்க வரும்?"

அவர் விரலில் ஒட்டிய அரக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "பொறுப்புல இருக்கிறவருக்கு."

"கம்பெனிக்காரனுக்குங்களா?"

"கம்பெனி எங்க இருக்குதுன்னே தெரியல. கைநாட்டு வெச்சவரு இவருதான்."

சாமியம்மாள் பெட்டியின் மேல் கை வைத்தாள். மனுக் கொடுத்தது அவள். மாட்டிக்கொண்டது அவள் புருஷன். "அப்ப வாணாங்க. அந்தக் கைநாட்ட அழிச்சிடுங்க."

"அழிச்சா, பொறுப்பானவரு இல்லாம எடுத்த தண்ணி ஆயிடும். செல்லாது. கம்பெனியத் தேட ஆரம்பிக்கறதுக்கே இந்த பாட்டிலு வேணும். ஆனா மொதல்ல இவரத்தான் கூப்டுவாங்க. வுட்டுடுவாங்களா, புடிச்சிக்குவாங்களான்னு கேட்டா எனக்கே தெரியலம்மா." அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கூப்டா போறேன். காவக்காரன் போவாம வேற யாரு போவா?" என்றான் ஆண்டி. அவனை அறைந்தால் என்ன என்று அவளுக்கு இருந்தது. ஆனால் கைநாட்டு வைத்த அந்த விரலை அவன் துடைக்காமல் தனியாகத் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் கை வரவில்லை.

அதற்குள் அடிவாரத்திலிருந்து ஏறி வந்த ஒருவர் செய்தி சொன்னார். இடஒதுக்கீடு கேட்டு மறியலாம். கீழே சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம், பஸ் வராதாம். ராஜாங்கம் பெட்டியைத் திறந்து ஐஸைப் பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். கரைந்துபோனால் எடுத்தது வீண் என்றார். மரத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் ஒரு சைக்கிளாவது கிடைக்கும். அதுவரை பெட்டியைச் சுமக்க ஆள் வேண்டும்.

"பொழுது சாஞ்சி கேட்டப் பூட்டாம நான் எப்டி வர்றது?" என்றான் ஆண்டி.

சாமியம்மாள் தலைக்குச் சும்மாட்டைச் சுற்றினாள்.

ஒற்றையடிப் பாதையில் ராஜாங்கம் முன்னால் போனார். பெட்டிக்குள் பாட்டில் ஆடுகிற சத்தம் அவள் மண்டைக்குள்ளேயே கேட்டது. காலில் ஒரு கல் தட்டினால் போதும். வேண்டுமென்று தட்டத் தேவையில்லை, பாட்டில் உடைந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். அவன் பழையபடி கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு கிடப்பான். ஆனால் கோடை வரும், ஊற்று வற்றும். இப்படி நினைத்துக்கொண்டே இறங்கியவளுடைய கால்கள், என்றைக்கும் இல்லாத பத்திரத்தோடு கல்லைப் பார்த்து வைத்து இறங்கின. அந்தக் கால்கள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கீழே ஒரு புளியமரம் கிளைகளோடு சாலைக்குக் குறுக்கே கிடந்தது. சுற்றிலும் இளவட்டங்கள். ராஜாங்கம் தானும் இந்தப் பக்கத்து ஆள்தான், களமருதூர்க்காரன் என்று சொல்லி, இரண்டு வார்த்தை பேசினார். வழிவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் இறங்கினார். பெட்டி கிளைக்குள் நுழையவில்லை. "மொதல்ல பாட்டில எடுத்துக் குடும்மா, ஐஸ அப்பறம் துணியில கட்டி வாங்கிக்கறேன்" என்று குரல் கொடுத்தார்.

அவள் பாட்டிலை வெளியே எடுத்தாள். ஐஸில் கிடந்ததால் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவன் அதையே பார்த்தான். உதடு வெடித்திருந்தது.

"ஐஸ் தண்ணியாக்கா? ஒரு வாய் குடுக்கா. கடையெல்லாம் மூடிக்கினு கெடக்குது. காத்தாலேர்ந்து தொண்ட காஞ்சிக்கினு நிக்கிறோம்."

கேட்டுக்கொண்டே வாங்கிவிட்டான். கட்டைவிரல் நகத்தை அரக்குக்கு அடியில் கொடுத்து நெம்பினான். ராஜாங்கத்துக்கு இலை மறைத்தது. இதோ, இவனே பிரித்துவிடுவான். அவள் பிரித்ததாக ஆகாது. புருஷனைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம். அரக்கின் ஓரம் சின்னதாகத் தெறித்தது.

"குடிக்காத தம்பி," என்றாள். "கொடலு வெந்துபூடும்."

அவன் கை நின்றது. "அப்ப இன்னாத்துக்கு ஐஸ்ல வெச்சித் தூக்கிக்கினு வர்ற?"

"இது நாங்க குடிக்கிற தண்ணி."

அவன் அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் அதைத் திருப்பிக் கொடுத்தான். சாமியம்மாள் நூலைத் தடவிப் பார்த்தாள். அறுபடவில்லை. அரக்கும் ஓரத்தில் மட்டும்தான் பெயர்ந்திருந்தது. நகத்தால் இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும், தட்டாவிட்டால் நிற்கும். பாட்டிலின் சில்லிப்பு உள்ளங்கையைக் கடித்தது.

"சீக்கிரம் குடும்மா, ஐஸ் கரையுது."

புளியிலைகளுக்கு நடுவே அவருடைய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன, விரல்களை விரித்தபடி.