பன்னிரண்டாவது மறைவிடம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்த வேலையைத் தச்சரிடம் யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு முக்காலியின் பலகையைக் குடைந்து, அதற்குள் தட்டைப் பாட்டிலைப் படுக்கவைத்து, அதன்மேல் மனைவியையே உட்காரவைத்து ஊர்க்கதை பேசியவர் அவர்.

அலமாரி செய்வது அவர் தொழில். நகைக்கும் பத்திரத்துக்கும் ரகசிய அறை வேண்டும் என்கிறவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். ஊருக்குக் காட்டிய வித்தையை வீட்டிலும் காட்டியதில், பதினைந்து வருடக் குடியில் பன்னிரண்டு மறைவிடங்கள் சேர்ந்துவிட்டன. மூன்று மாதப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் அவர் தடுமாறிய அன்றோடு இந்த ஆட்டம் முடிந்தது. கைப்பிடியில் தோள் முட்டியதால் குழந்தை தப்பித்தது. மகள் பையைக் கட்டினாள். நூறு நாள் குடிக்காமல் இருந்தால் பேத்தியைக் கூட்டிவருவேன், அதுவரை போனில் படம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே மனைவி அவரை ஆலோசனை மையத்துக்கு இழுத்துப்போனாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஆலோசகர் சொன்னது அவருக்கு ஒரு காதில் புகுந்து மறு காதில் போனது. மனைவிக்கோ எல்லாம் மனப்பாடம். குடி திமிர் அல்ல, நோய். ஒளித்து வைப்பதுதான் அந்த நோயின் முதல் வேலை. காலையில் காபி தரும்போது ஒரு தரம், மாலையில் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையிலிருந்து வீடு திரும்பியதும் ஒரு தரம் ஒப்பித்துவிடுவாள்.

மறைவிடங்களைக் காட்டச் சொன்னாள். வீடு முழுக்க அழைத்துப்போய்ப் பதினொன்றைக் காட்டினார். நடுவில், இந்தப் பலகை எவ்வளவு நேர்த்தியாக மூடுகிறது பார் என்று பெருமையும் அடித்துக்கொண்டார். பன்னிரண்டாவதைச் சொல்லவில்லை. அது மனைவியின் துணி அலமாரிக்கு அடியில், ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இருந்தது. அவள் தன்னுடைய அலமாரியைத் தானே சந்தேகப்படப் போகிறாளா? குடிக்க அல்ல, சும்மா இருக்கட்டுமே என்றுதான் விட்டுவைத்தார். குடிகாரனின் 'சும்மா'வுக்கு என்ன அர்த்தம் என்று குடிகாரனுக்கே தெரியாது.

தொண்ணூற்றேழாம் நாள் வெள்ளிக்கிழமை. ஒரு வாடிக்கையாளர், செய்து முடித்த அலமாரியில் நிறம் சரியில்லை என்று கத்திவிட்டுப் போனார். பட்டறையைப் பூட்டிக்கொண்டு தச்சர் மதியமே வீட்டுக்கு வந்தார். மனைவி வேலையில் இருந்தாள். ஒரே ஒரு மூடி, அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு, மண்டியிட்டு, பலகையின் இடது மூலையை அழுத்தினார்.

பாட்டிலைக் காணோம். பழுப்பு அட்டைப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. இணையத்தில் வாங்கியவை. பதினாறு. எல்லாவற்றிலும் மனைவியின் பெயர், எல்லாம் இந்த மூன்று மாதத் தேதி. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

முதலில் பாட்டில் போன கோபம். அடுத்த நொடியே ஆனந்தக் கூத்தாடலாம் போலிருந்தது. தொண்ணூற்றேழு நாள் பிரசங்கம் கேட்ட காது அல்லவா? ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையா என்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே எதற்குப் போனீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்பாளே. திருடனுக்குத் தேள் கொட்டின கதை. அப்புறம்தான் உறைத்தது, பாட்டிலை எடுத்தவளாலும் வாய் திறக்க முடியவில்லை என்று. திருடர்கள் இரண்டு பேர், தேள் ஒன்று.

அப்போது அழைப்பு மணி அடித்தது. மனைவிக்குப் பதினேழாவது பொட்டலம். கையெழுத்துப் போட்டு வாங்கினார். குறும்பு யாரை விட்டது? மற்ற பதினாறோடு அதையும் வைத்து மூடிவிட்டார்.

மனைவி வந்தாள். ஏதாவது வந்ததா என்று யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டாள். இல்லையே என்றார். போனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் விரல்கள் கண்ணில் பட்டன. பை வாரை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தன. அந்த விரல்களை அவருக்குத் தெரியும். மாலை ஆறு மணிக்கு அவருடைய விரல்கள் அப்படித்தான் இருக்கும். சிரிப்பு போய்விட்டது. பாவமாக இருந்தது.

அன்றைய கூட்டத்தில் ஆலோசகர் எத்தனை நாள் என்று கேட்டார். தொண்ணூற்றேழு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் மகள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாள். இருந்தாலும் எழுந்து நின்றார்.

"பன்னிரண்டாவது ஒண்ணு இருந்துச்சு. இன்னிக்கு மதியம் தேடிப் போனேன். பாட்டில் இல்ல." அங்கே வேறு என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலியில் மனைவி வெளிறிப்போனாள். பிறகு அவளும் எழுந்தாள்.

"எடுத்துக் கொட்டினது நான்தான். தரை துடைக்கும்போது மாப்புக் கட்டை இடிச்சு பலகை திறந்துக்கிச்சு. அன்னிக்கே இவரைக் கேட்டிருக்கணும். கேட்கல. அந்த இடம் எனக்கு வேணும்னு தோணிச்சு." பை வாரை ஒரு முறை முறுக்கினாள். "சாயங்காலமெல்லாம் இவரைக் காவல் காத்துக்கிட்டுப் போனைப் பார்த்துட்டிருப்பேன். எதையாவது வாங்கினா படபடப்பு அடங்கும். கைக்கு வந்தா பிரிக்கக்கூடத் தோணாது."

"மூடியைத் திருகுற வரைக்கும்தான் சுகம்" என்றார் தச்சர். அவ்வளவு சரியாக அவளை அதுவரை யாரும் புரிந்துகொண்டதில்லை. ஆலோசகர் பதிவேட்டில் இன்னொரு பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தச்சரே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். பாட்டில் இருந்திருந்தால் என்று அவள் கேட்டாள்.

"குடிச்சிருப்பேம்மா."

"நீங்க என்கிட்ட சொன்ன முதல் உண்மை இதுதாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் இரண்டு பேரும் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நூறாம் நாள் காலையில் குழந்தையோடு வந்து நின்றாள். அட்டைப் பொட்டலங்களைப் பேத்தி கையாலேயே கிழிக்கவைத்தார்கள். ஏழு மேசை விளக்கு, நாலு குடை. மற்றவற்றைச் சொன்னால் மனைவிக்குக் கோபம் வரும். மூன்று பொட்டலங்களில் ஒரே பொருள். குழந்தை மாடிப்படி ஏறாமல் தடுக்கும் வலைக்கதவு. ஒன்று வாங்கியது மறந்து இன்னொன்று, அதுவும் மறந்து மூன்றாவது. மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தச்சன் வீட்டில் கடைக் கதவா என்று முணுமுணுத்தபடியே அவர் படிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் மாட்டினார்.

மூன்றாவதைத் துணி அலமாரிக்கு முன்னால் மாட்டினார்.

"இது யாருக்கு?" என்று கேட்டாள் மகள்.

தச்சர் மனைவியைக் காட்டினார். மனைவி தச்சரைக் காட்டினாள்.