கற்கள் மிதந்த மீன்தொட்டி

அந்த வீட்டில் மூழ்குவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பேசக்கூடாதென்று யாரும் சொன்னதுமில்லை. வீட்டின் ஒரே மகன் சரக்குப் படகில் வேலைக்குப் போய், படகு மட்டும் திரும்பி வந்த ஆண்டிலிருந்து, அங்கே தண்ணீரில் போட்ட எதுவும் அடியில் தங்கவில்லை. வாளிக்குள் தவறி விழுந்த சாவிக்கொத்து சருகுபோல் மிதந்தது. மாமியாரும் மருமகளும் அதற்கேற்பப் பாத்திரம் கழுவப் பழகிக்கொண்டார்கள்.

மருமகளின் தொழில் மீன்தொட்டி வடிவமைப்பது. செடிகளை அவள் சேர்ப்பதில்லை. கருங்கல்லும் கரையொதுங்கிய கட்டைகளும் மட்டுமே. பெரிய கல்லை நடுவிலிருந்து சற்று விலக்கி, சிறியவற்றை அதன் சாய்வுக்கு இணங்க நிறுத்தி, கட்டையின் வேர்முனைகளை முன்பக்கம் திருப்பினால், தொட்டிக்குள் ஒரு மலைச்சரிவு வந்துவிடும். வீட்டில் உலர்ந்த தொட்டியில் அடுக்கிப் பார்ப்பாள். வாடிக்கையாளரின் இடத்தில்தான் தண்ணீர் ஊற்றுவாள். அங்கே கற்கள் கற்களாகவே கிடந்தன. முன்னறையின் மாதிரித் தொட்டியில் மட்டும் மலை நீர்மட்டத்தில் நிற்க, மீன்கள் அதன் அடியில் உலவின.

"என்னம்மா, தெர்மாகோலா?" என்பார்கள் வந்தவர்கள்.

"தூக்கிப் பாருங்க சார். கால்ல மட்டும் போட்டுக்காதீங்க."

தொட்டிகளுக்குக் கண்ணாடி அறுத்துத் தருபவர், மனைவியை இழந்தவர், அவளை மணக்க விரும்புவதாகச் சொன்னார். அவளுக்கும் விருப்பம்தான். ஆனால் சம்மதித்தால் கணவன் இனி வரமாட்டான் என்று சொன்னதாகிவிடும். மாமியாரோ நீர்மேல் விரிந்து மிதக்கும் மகனின் சட்டைகளை மாதந்தோறும் துவைத்துக்கொண்டுதான் இருந்தார். 'அடுத்த வாரம் சொல்றேன்' என்ற பதிலிலேயே சில ஆண்டுகள் கழிந்தன.

ஒரு மாலை கண்ணாடிக்காரர், கடையை வேறு ஊருக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். "நானும் எத்தனை நாளைக்குத்தான் அளவு எடுக்கற சாக்குல வந்துட்டு இருக்கறது?"

மருமகள் கையிலிருந்த கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கல்லை அழுத்தினார். அது மறுபடி மேலே வந்தது.

"என் பையன் மூழ்கிட்டான் தம்பி," என்றார். "படகு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். இவ எனக்காக வாயைப் பொத்திக்கிட்டு இருக்கா. கூட்டிட்டுப் போங்க."

கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"அத்தை..." என்றாள் மருமகள்.

"போம்மா. அந்தத் தொட்டியை மட்டும் விட்டுட்டுப் போ. எனக்கு அப்படியே பார்த்துப் பழகிடுச்சு."